நம் வலைத்தளத்தை எங்கே குடிவைப்பது?

சங்க மண்டபத்தின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையின் அடியில் ஒரு முழ நீளத்திற்கு வெள்ளைச் சாயம் பூசப்பட்டிருப்பதை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். சிலர் காரணம் கேட்டனர். சிலர் கேளாமலே ஊகித்துக்கொண்டனர். அவ்விடத்தில் 11 ஆண்டுகளாக நம் வலைத்தளத்தின் முகவரி எழுதப்பட்டிருந்தது. இன்று அம்முகவரியைக் கைப்பேசியில் தட்டுவோர் நம் சங்கத்தைக் காண்பதில்லை. சூதாட்ட விளம்பரம் ஒன்றையே காண்கின்றனர். மூன்று ஆண்டு மலர்களின் பின்னட்டையிலும் அதே முகவரி அச்சாகியிருக்கிறது. பலகைக்குச் சாயம் பூசலாம். நம் வீடுகளில் ஏறிவிட்ட மலர்களுக்கு என் செய்வது?

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 2013ஆம் ஆண்டில் சங்கத்திற்கென ஒரு வலைத்தளம் வேண்டுமென்று எண்ணியபோது, கணினித் துறையில் பணியாற்றிய இளைஞர் ஒருவர் அப்பொறுப்பைத் தாமே முன்வந்து ஏற்றார். தளத்தின் பெயரைத் தம் பெயரிலேயே பதிவு செய்தார். தம் அலுவலக மின்னஞ்சலையே தொடர்புக்குக் கொடுத்தார். ஆண்டுக் கட்டணத்தைத் தம் வங்கி அட்டையினின்றே செலுத்தினார். அத்தொகையைச் சங்கத்திடம் கேட்டுப் பெறுவதைக்கூடப் பலமுறை மறந்தார். பின்னர் வேலை மாறி அயல்நாடு சென்றார். பழைய மின்னஞ்சல் மூடப்பட்டது. புதுப்பிக்குமாறு நினைவூட்டி வந்த மடல்கள், ஆளில்லா வீட்டின் கதவிடுக்கில் செருகிய அஞ்சல்களைப்போல் எவராலும் படிக்கப்படாமற் கிடந்தன. 2024ஆம் ஆண்டில் பெயரின் காலக்கெடு முடிந்தது. நாம் விழித்துக்கொண்டபோது அது அயலார் கையில் இருந்தது. அவ்விளைஞர்மீது நமக்கு மனத்தாங்கல் சிறிதும் இல்லை. உழைத்தவர் அவர், கவனியாதிருந்தவர்கள் நாம்.

இழந்தவை யாவை? பொங்கல் விழாப் படங்கள் போயின. அவை உறுப்பினர் வீடுகளில் இன்னும் கிடைக்கும். ஆனால், இந்நகருக்கு முதன்முதல் வந்த தலைமுறையினரிடம் நாம் எடுத்த 23 நேர்காணல்கள் அத்தளத்தில்தான் இருந்தன. மாதுங்காவில் ஓர் அறையில் எண்மராகத் தங்கிய கதையும், பயணச்சீட்டுக்கு வளையலை அடகு வைத்த கதையும் அவர்தம் வாய்மொழியாகவே அங்கிருந்தன. அவர்களுள் பாதிப்பேர் இன்று நம்மிடையே இல்லை. 1996இல் தொடங்கப்பெற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம், உலகின் வலைப்பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்து வருகிறது. 2001 முதல் ‘வேபேக் மெஷின்’ என்னும் பெயரில் அவற்றை யாவரும் காணத் திறந்துவைத்திருக்கிறது. அங்கே தேடியதில் 16 நேர்காணல்களின் எழுத்துவடிவம் கிட்டியது. குரற்பதிவு ஒன்றேனும் கிட்டவில்லை.

ஆதலின் புதுத்தளம் அமைக்கும் பேச்சு எழுந்தபோது, ‘எவ்வளவு அழகாக அமைப்பது’ என்பதைவிட ‘எங்கே, யார் பெயரில் வைப்பது’ என்பதே செயற்குழுவில் முதல் வினாவாயிற்று. இரண்டு மாலைப்பொழுதுகள் இதிற் கழிந்தன. “முகநூலில் ஒரு பக்கம் போதாதா? காசும் இல்லை, கவலையும் இல்லை” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். “மாமா, அந்தப் பக்கம் நம்முடையதன்று, கொடுத்தவர் நினைத்தால் நாளைக்கே எடுத்துக்கொள்வார்” என்றார் இளையவர் ஒருவர். பொருளாளர் விலைப்பட்டியல்களை எடுத்து வைத்தார். அவ்விரு மாலைகளிலும் தெளிந்தவற்றை, சொந்தத் தொழிலுக்கோ, ஊர்க் கோயிலுக்கோ, பழைய மாணவர் கூட்டத்திற்கோ தளம் அமைக்க எண்ணும் அன்பர்களுக்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வலைத்தளம் என்பது ஒரு பொருளன்று; மூன்று பொருள். டொமைன் எனப்படும் பெயர் ஒன்று; அப்பெயரைத் தட்டியவுடன் பக்கங்களை எடுத்துத் தரும் சர்வர் என்னும் கணினியில் நாம் பெறும் இடம் மற்றொன்று; அவ்விடத்தில் நாம் வைக்கும் எழுத்தும் படமும் ஒலியுமாகிய உடைமை மூன்றாவது. வாடகை வீட்டில் வாழ்ந்து பழகிய நமக்கு இது விளங்காததன்று. வீடு மாறினாலும் பெயர் மாறாது. தட்டுமுட்டுச் சாமான்களும் நம்மோடு வரும். நாம் செய்த பிழை, இம்மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி ஒருவர் கையில் கொடுத்ததாகும்.

பெயரைப் பற்றியே மிகுதியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் இடம் போனால் வேறிடம் பெறலாம், பெயர் போனால் மீளாது. பெயரை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் வாடகைக்கே பெறுகிறோம். ‘.காம்’, ‘.ஆர்க்’ முதலியவற்றில் ஒரே தடவையில் 10 ஆண்டு வரைக்கும் கட்டணம் செலுத்திவைக்கலாம். ‘.இன்’ என்று முடியும் பெயர்களை நம் நாட்டின் நிக்ஸி என்னும் அமைப்பு நிருவகிக்கிறது. 2005 முதல் அவை யாவர்க்கும் எளிதிற் கிடைத்து வருகின்றன. தமிழெழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயரும் உண்டு என்று அறிந்து செயற்குழுவினர் பெரிதும் மகிழ்ந்தோம். எனினும் அத்தகைய பெயர் கணினிகளுக்கிடையே செல்லும்போது ‘எக்ஸ் என்’ என்று தொடங்கும் உரோமன் எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டே செல்கிறது. சில மின்னஞ்சல் நிரல்களும் படிவங்களும் அதனை ஏற்க மறுக்கின்றன. ஆகவே அதனை இரண்டாம் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. தமிழ்ப் பற்றுள்ள அன்பர்கள் நம்மை மன்னிக்க வேண்டும்.

காலக்கெடு முடிந்த அன்றே பெயர் பறிபோவதில்லை என்பதும் பலர் அறியாதது. ‘.காம்’, ‘.ஆர்க்’ போன்றவற்றில், பதிவு நிறுவனம் 45 நாள் வரை அதனை வைத்திருந்து பழைய உரிமையாளருக்குப் புதுப்பித்துத் தரலாம். எத்துணை நாள் என்பது நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். நிறுவனம் அதனை நீக்கியபின் 30 நாள் மீட்புக்காலம். அப்போது மிகுதியான கட்டணம் கட்டி மீட்கலாம். பின்னர் 5 நாள் ஒருவரும் தொட இயலாது. அதன்பின் முந்துபவர் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள்களுக்குள் நம் நானூற்றுச் சொச்சம் குடும்பங்களுள் ஒருவரேனும் தளத்தைத் திறந்து பார்த்துச் செய்தி சொல்லவில்லை என்பதை எண்ணும்போது நமக்கு நாணம் உண்டாகிறது. நாமும் திறந்து பார்க்கவில்லை.

எனவே பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். தனியாள் பெயரில் அன்று. தொடர்புக்குக் கொடுக்கும் மின்னஞ்சலை, செயலாளரும் பொருளாளரும் ஆகிய இருவரும் பார்க்கக் கூடியதாக அமைக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அம்மின்னஞ்சல் அதே தளப்பெயரில் அமைந்ததாக இருத்தலாகாது. பெயர் முடங்கினால் அம்மின்னஞ்சலும் உடன் முடங்கும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதையாகும். புதிய பொறுப்பாளர்கள் பதவியேற்கும்போது, பதிவேடும் வங்கிக் காசோலைப் புத்தகமும் கைமாறுவதுபோல் இக்கடவுச்சொற்களும் கைமாற வேண்டும்.

இனி, இடத்திற்கு வருவோம்.

இலவசமாகக் கிடைக்கும் இடங்கள் சத்திரம் போன்றன. சத்திரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. முதல் நாள் இரவு நம்மிற் பலர்க்கு நிழல் கொடுத்தது அதுவே. 1994இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தில் உலகெங்கும் எண்ணற்றோர் தம் முதற்பக்கங்களை எழுதினர். யாஹூ நிறுவனம் 1999இல் அதனை வாங்கிற்று. 2009 அக்டோபரில் மூடிற்று. சப்பானில் மட்டும் 2019 வரை நீடித்தது. கூகுள் பிளஸ் என்பதும் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மூடியவர்கள் முன்னறிவிப்பு கொடுக்காமலில்லை. ஆனால் அறிவிப்பைப் படித்துச் சாமான்களை அகற்றிக்கொள்ள வேண்டியவர்கள் பலர் அப்போது அங்கில்லை. முகநூற் பக்கம் செய்தி சொல்லச் சிறந்தது. நாளைய சொற்பொழிவுக்கு ஆள் திரட்ட அதனினும் எளிய கருவி இல்லை. நாற்பது ஆண்டு இதழ்களை அடுக்கிவைக்கும் அலமாரியாக அதனைக் கருதலாகாது.

கட்டணம் கட்டிப் பெறும் இடங்களுள் எளியது பகிர்வு ஹோஸ்டிங். அது நம் பரேல், லால்பாக் பகுதிச் சால்களை ஒத்தது: ஒரே கட்டடம், ஒரே குழாய், பல குடித்தனம். பக்கத்து அறையில் கலியாணமென்றால் நமக்குத் தண்ணீர் மெதுவாக வரும். ஒரே சர்வரில் இருக்கும் வேறொரு தளத்திற்குக் கூட்டம் பெருகினால் நம் பக்கங்களும் தாமதமாகத் திறக்கும். ஆயினும் நாள்தோறும் சில நூறு பேர் வந்துபோகும் சங்கத் தளத்திற்கு இது தாராளம். ‘வரம்பற்ற இடம்’ என்று விளம்பரம் செய்வோரிடம் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் உண்டு, அது சிறிய எழுத்தில் இருக்கும்.

வி.பி.எஸ். என்பது தனிப் பிளாட். கதவும் பூட்டும் நம்முடையன. பூட்டு பழுதானால் சீர்செய்வதும் நம் பொறுப்பே. பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். கிளவுடு எனப்படும் முறையில் மின்சாரத்தைப்போல் மீட்டர் ஓடும். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். வணிக நிறுவனங்களுக்கு ஏற்றது. பொதுக்குழுவின் முன் வரவுசெலவுத் திட்டம் வைத்து, ரூபாய் ரூபாயாகக் கணக்குக் காட்டும் நமக்கு, மாதத்திற்கு மாதம் ஏறி இறங்கும் பட்டியல் ஒத்துவராது. மண்டபத்திலேயே ஒரு கணினியை வைத்து நடத்தலாமே என்று கேட்டவர்க்கு, மின்தடையும் மழைக்காலமும் தாமே விடை கூறிவிட்டன.

இடத்தை முடிவுசெய்யுமுன் தளத்தின் இயல்பை அறிய வேண்டும். இங்கேதான் செயற்குழுவில் சொற்போர் முற்றிற்று. 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் போன்ற நிரலைக்கொண்டு அமைத்தால், கணினிப் பயிற்சி இல்லாதவரும் கடிதம் எழுதுவதுபோல் செய்தி வெளியிடலாம். இஃது அதன் பெருமை. ஆனால் அதற்குத் தரவுத்தளம் வேண்டும். கூடவே சேர்க்கும் துணைநிரல்களை இடைவிடாது புதுப்பிக்க வேண்டும். புதுப்பியாமல் விட்ட தளம் பூட்டாத வீடு. திருடர் நம்மைத் தேடி வருவதில்லை, தெருவிலுள்ள கதவுகளையெல்லாம் இயந்திரங்களைக்கொண்டு தள்ளிப் பார்த்துக்கொண்டே செல்கின்றனர். மற்றொரு முறை, முன்கூட்டியே எழுதி முடித்த நிலைப்பக்கங்களாக அமைப்பது. அச்சிட்ட தாள்போல் அவை கிடக்கும்; உடைக்க ஒன்றுமில்லை. எந்த இடத்திலிருந்தும் எந்த இடத்திற்கும் அப்படியே தூக்கிச் செல்லலாம். கிட்ஹப் பேஜஸ் போன்ற சில இடங்களில் இத்தகைய தளத்தை இலவசமாகவும் வைக்கலாம். தளத்தின் அளவு ஒரு ஜி.பி.க்குள் இருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நம் உடைமையின் அளவு என்ன? கணக்கிட்டுப் பார்த்தோம். இதழ் ஒன்றுக்கு 32 பக்கம், ஆண்டுக்கு 12 இதழ், 40 ஆண்டு. ஆக 15,360 பக்கம். பக்கம் ஒன்றைப் படமாக்கினால் ஏறக்குறைய 300 கே.பி. எனக் கொண்டால் நாலரை ஜி.பி.க்குச் சற்று மிகும். அதே பக்கத்தை யூனிகோடு எழுத்தில் தட்டச்சிட்டால், எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு பிடிக்கும் தமிழில்கூட, 10 கே.பி.யைத் தாண்டுவது அரிது. முப்பதில் ஒரு பங்கு! அன்றியும் படத்தில் இருக்கும் பெயரைத் தேடுவது எளிதன்று. தட்டச்சிட்டதில் பேரன் தன் பாட்டன் பெயரை நொடியில் கண்டுபிடிப்பான். ஆனால் 15,360 பக்கங்களை யார் தட்டச்சிடுவது என்ற வினாவுக்கு எவரும் கை தூக்கவில்லை. படத்தை இப்போது ஏற்றுவது, நேர்காணல்களை மட்டும் தட்டச்சிடுவது என்று ஒரு சமாதானம் ஏற்பட்டது.

தமிழுக்கென்று உள்ள இடர் ஒன்றையும் கூறவேண்டும். ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குத் தரவுத்தளத்தை மாற்றும்போது எழுத்துக் குறியீட்டைச் சரிவரக் குறிப்பிடாவிட்டால் தமிழெழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடும். ஆங்கிலத் தளங்களுக்கு இவ்வல்லல் தெரியாது. ஆகவே உதவிக்கு வரும் பணியாளர்க்கும் உடனே விளங்குவதில்லை. அவ்வாறே, யூனிகோடு பரவுமுன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். புதிய நிறுவனத்திற்குப் பணம் கட்டுமுன், ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘ஃ’ ஆகியன வரும் ஒரு பக்கத்தையும், தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பையும் ஏற்றிச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

கட்டணத்தில் விழிப்பு வேண்டும். முதலாண்டு விலையைக் கண்டு மயங்கலாகாது. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வந்து நிற்பதை அறிந்த நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. புதுப்பிக்கும் விலை என்ன, ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. தளத்திற்குப் பூட்டுக் குறி தரும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. சிறிய தளத்திற்கு அதுவே போதும், தனிக் கட்டணம் கேட்பவரைவிட்டு அகலலாம். அது இல்லாத தளத்தைக் குரோம் உலாவி 2018 சூலை முதல் ‘பாதுகாப்பற்றது’ என்று குறித்துக்காட்டுகிறது.

அட்டையினின்று தானாகவே பணம் கழியும் ஏற்பாட்டை நம்பி இருத்தலும் ஆகாது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதுவிதி நடைமுறைக்கு வந்தபோது, அயல்நாட்டு நிறுவனங்களுக்குச் சென்றுகொண்டிருந்த தானியங்கிக் கட்டணங்கள் பல நின்றன. விதி வாடிக்கையாளர் நன்மைக்கே வந்தது. ஆனால் நின்றதை அறியாதவர்கள் இடர்ப்பட்டனர். வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ பணம் பெற்று, சங்கத்தின் பெயரில் பட்டியல் தரும் இந்திய நிறுவனமே நமக்கு ஏற்றது. தணிக்கையாளரும் அதனையே விரும்புவார்.

மூன்றாவதாகிய உடைமையைக் காப்பது எங்ஙனம்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்தடுக்குத் தரவு மையம் ஒன்று தீப்பற்றி முற்றும் எரிந்தது. ஐரோப்பாவின் பெருநிறுவனங்களுள் ஒன்று அது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் தளத்தை அடியோடு இழந்தனர். நெருப்பைப் பற்றி அங்கே படித்தோம். நீரைப் பற்றி நாம் படிக்க வேண்டுவதில்லை. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நம் சங்கத்தின் தரைத்தள அலமாரியில் இருந்த பழைய இதழ்க்கட்டுகள் ஊறிக் கூழாயின. அதனால் புதுத்தளத்தின் முழுப் படியை இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றை மண்டபத்து மேல்மாடியிலும் மற்றொன்றை வேறொரு புறநகரில் வாழும் உறுப்பினர் வீட்டிலும் வைக்கவும், காலாண்டுக்கொருமுறை திறந்து பார்த்துப் புதுப்பிக்கவும் எண்ணியுள்ளோம். திறந்து பாராத படி, படியன்று.

வரன் தேடும் பகுதியைத் தளத்தில் ஏற்றுவதில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. பிறந்த நாளும் தொலைபேசி எண்ணும் பெற்றோர் பெயரும் நம் குடும்பங்களுக்குள் சுற்றுவது வேறு. உலகெலாம் படிக்கத் திறந்துவைப்பது வேறு. தனியாள் தரவுகளைக் காக்க 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் ஒன்றையும் இயற்றியிருக்கிறது. பழைய இதழ்களைப் படமாக்கும்போதும் அப்பக்கங்களை விலக்கிவிடுவோம்.

செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கவிருக்கும் பரிந்துரை இதுவே: சங்கத்தின் பெயரிலேயே ‘.ஆர்க்’ பெயர் ஒன்று, 10 ஆண்டுக் கட்டணம் முன்கூட்டியே செலுத்தி, எளிய பகிர்வு ஹோஸ்டிங், ஆண்டுக்கு ஆண்டு, தளம் நிலைப்பக்கங்களாக, செய்தியை விரைந்து பரப்ப முகநூற் பக்கம் துணையாக. வேர்ட்பிரஸ் வேண்டுமென்று வாதிட்ட இளைஞர்கள் இருவரும் இதற்கு முழுமனத்தோடு இசையவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். செய்தி ஏற்ற ஒவ்வொரு தடவையும் தெரிந்தவர் ஒருவரை நாட வேண்டியிருக்கும் என்ற அவர்தம் மறுப்பில் நியாயம் உண்டு. பொதுக்குழுவில் அவர்கள் தம் கருத்தைக் கூறுவர்; அன்பர்கள் கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டுகிறோம்.

அதற்கிடையே ஒரு வேண்டுகோள். 2005 மழையில் அழிந்தவற்றுள் 1986 முதல் 1991 வரையிலான இதழ்களுக்கு நம்மிடம் மறுபடி இல்லை. பரணிலோ பெட்டியடியிலோ அவற்றை வைத்திருப்போர் ஞாயிறு மாலைகளில் மண்டபத்திற்குக் கொணர்ந்தால், அவர்கள் கண்முன்னரே படமெடுத்து அப்போதே திருப்பித் தருவோம். நேர்காணல்களின் குரற்பதிவை எவரேனும் தம் கைப்பேசியிலோ பழைய கணினியிலோ இறக்கி வைத்திருந்தால், அது முழுமையாக இல்லாவிடினும் கொடுத்துதவுக.